மிஷின் எடுக்காத பார்சல்

மிஷினில் லேபல் சுருளை மாற்றினேன், வறுத்த மல்லி மணத்தது. உறைகூடப் பிரிக்காத சுருள். உன் குசினி அலுமாரியில் தூள் பைகளோடு கிடந்ததால் அதுவும் உன் மணத்தைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. லீட்ஸில் படிக்கிற என் மகளுக்கு ஒரு பார்சல் அனுப்ப வேண்டும். குசினித் தராசில் நிறுத்து, ஃபோனில் அவள் அட்ரஸை அடித்து, தபாற்செலவையும் அங்கேயே கட்டிவிட்டால் அரை நிமிடத்தில் சூடாக ஒரு லேபல் வெளியே வருகிறது. ஒட்டி வைத்தால் வான்காரர் வாசலுக்கே வந்து எடுத்துப் போவார். நல்ல மிஷின்தான். ஆனால் இந்த மூதேவியை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது என்று உனக்குத் தெரியும்.

இது வருவதற்கு முன்னால் நமக்கு ஒரு சனிக்கிழமை இருந்தது. வெள்ளி பின்னேரம் பள்ளிக்கூடச் சமையலறையில் நம் இருவருடைய ஷிப்டும் முடிய, நீ வீட்டுக்குப் போய்ப் புகை அலாரத்துக்கு ஷவர் தொப்பியைக் கவிழ்த்துவிட்டு மிளகாய் வறுப்பாய். மறுநாள் காலை ஃபாரஸ்ட் கேட் தபால் கந்தோர் வரிசையில் பைகளோடு நிற்போம். பார்சல் எல்லாம் உன்னுடையவை. உன் கறித்தூளுக்கு ஸ்கொட்லாந்தில்கூட ஆட்கள் இருந்தார்கள். நான் ஒரு பையைத் தூக்கப் போகிறவள். வீட்டில் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

உன் வீட்டில் கதைக்க முடியாது, மாமியார் வந்து நடுவில் இருப்பார். என் வீட்டில் என் மனிசன் டிவிச் சத்தத்தைக் கூட்டுவார். அந்த வரிசையில் மட்டும்தான் நம்மிடம் யாரும் தேத்தண்ணி கேட்கமாட்டார்கள். என் மூத்தவன் எங்களோடு கதைப்பதை நிறுத்திவிட்டான் என்று முதலில் உன்னிடம்தான் சொன்னேன், பின்னால் நின்ற வெள்ளைக்காரக் கிழவிக்குத் தமிழ் விளங்காது என்ற துணிவில். கதை முடியமுன் கவுண்டர் வந்துவிட்டது. நீ கிழவியை முன்னுக்கு விட்டாய்.

"பொறடி, அவ போகட்டும். நீ சொல்லு."

பிறகு நகரத்தின் மறுகோடியிலிருந்து கிங்ஸ்பரிக்காரி வந்தாள். பெயரைச் சொல்ல எனக்கு இப்போதும் மனம் வரவில்லை. தூள் வாங்க வந்தவள், நம்மைவிடப் பத்து வயது இளையவள், லப்டொப்பை உன் குசினி மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, "இந்தக் காலத்தில ஆராவது கியூவில நிப்பினமே அக்கா?" என்றாள். ஒரு மணித்தியாலத்தில் இந்த மிஷினைப் பூட்டிக் காட்டியும் விட்டாள். முதல் லேபல் வெளியே வர நீ கை தட்டிச் சிரித்தாய். நான் தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பினேன்.

"என்னடி, முகம் கறுத்துப்போச்சு?"

"தலையிடி."

தலையிடியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. பொறாமை. நெஞ்சு பற்றி எரிந்தது. இனிச் சனிக்கிழமையில் என்னை உனக்கு எதற்கு?

ஆனால் அடுத்த சனிக்கிழமையே ஃபோன் எடுத்தாய். "எடி, வெளிக்கிடு. ஒரு பார்சல் கிடக்கு."

"அதுதான் மிஷின் இருக்கே."

"இதை மிஷின் எடுக்காதாம்."

சப்பாத்தைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடி வந்தேன். வந்து பார்த்தால், பார்சலில் கிங்ஸ்பரி அட்ரஸ்! அதுவும் நீலப் பேனையால், உன் சரிந்த எழுத்தில். ஊருக்கெல்லாம் மிஷின் லேபல், அவளுக்கு மட்டும் கையெழுத்து. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே ஒற்றைப் பார்சல், அதே அட்ரஸ். எனக்கு நீ ஒருநாளாவது என் பெயரை எழுதி எதையாவது அனுப்பியிருக்கிறாயா? "அவளுக்கு அப்பிடி என்னத்தை அனுப்புறாய்?" என்று கேட்டால், "தூள்தான், வேறென்ன" என்பாய். மிஷின் தின்ற மிச்சத்துக்குத்தானே நான் துணை என்று ஒருநாள் வாய்விட்டுச் சொன்னேன். நீ கோபிக்கவில்லை. என் கையைக் கோத்துக்கொண்டு பின்னால் நின்றவரை முன்னுக்குப் போகச் சொன்னாய்.

மாசியில் டொக்டர்மார் உனக்குப் பொல்லாத வருத்தம் என்றார்கள், சித்திரையில் நீ இல்லை. செத்தவீட்டில் கிங்ஸ்பரிக்காரி என்னைவிடச் சத்தமாக அழுதாள். அதற்கும் எரிந்தேன். என்னை மன்னித்துக்கொள்.

முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிய, உன் மனிசன் மிஷினைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். "தங்கச்சி, நீங்கள் கொண்டு போங்கோ. எனக்கு இதைப் பாக்க ஏலாமக் கிடக்கு."

கிங்ஸ்பரிக்காரியும் பக்கத்தில் நின்றாள். என் நாக்கு சும்மா இருக்குமா? "எனக்கு எதுக்கு? இவவிட்டக் குடுங்கோ. கிழமைக்குக் கிழமை பார்சல் இவவுக்குத்தானே போனது."

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். "அக்கா, என்ரை அலுமாரி முழுக்கத் தூள் கிடக்கு. நான் ஒற்றை ஆள், எவ்வளவைத் தின்னுறது? இனி அனுப்பாதேங்கோ, அனுப்புறதெண்டாலும் மிஷினில அடிச்சு அனுப்புங்கோவன் எண்டு எத்தினை தரம் சொன்னனான். என்ன சொன்னவ தெரியுமே? 'விசரி, மிஷினில அடிச்சா நான் அவளோட எங்கை நிண்டு கதைக்கிறது?' எண்டு கேட்டவ."

நான் மிஷினை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உன் வீட்டு வாசல்படியிலேயே இருந்துவிட்டேன்.

இவ்வளவு தெரிந்த பிறகும் எனக்கு ஆறவில்லை, கேட்டுக்கொள். இந்த ஒரு வார்த்தையை என்னிடம் ஏனடி சொல்லவில்லை? என்னைப் பற்றி நீ சொன்னதிலேயே நல்ல வார்த்தை கிங்ஸ்பரியில் போய்க் கிடந்திருக்கிறது. அதை அவள் எடுத்துத் தந்துதான் நான் வாங்கவேண்டியிருந்தது.

இப்போது மகளுக்கு லேபல் அடிக்கிறேன், மற்றவர்களுக்கும் அடிக்கிறேன். ஒரு பார்சலை மட்டும் அடிக்காமல் வைத்து, நீலப் பேனையால் கிங்ஸ்பரி என்று எழுதி, சனிக்கிழமை வரிசைக்குக் கொண்டு போகிறேன். தூள் வேண்டாம் என்றாளே, அதனால் பயித்தம் பணியாரம். போன சனிக்கிழமை தபால் கந்தோர் வாசலில் அவளே வந்து நின்றாள், ரயில் மாறி ரயில் ஏறி.

"அக்கா, நானும் கியூவில நிக்கட்டே?"

நில் என்றேன். அவள் உன்னைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள். ஷவர் தொப்பிக் கதையைச் சொன்னேன். அது முடியமுன் கவுண்டர் வந்துவிட்டது. பின்னால் நின்றவரை முன்னுக்கு விட்டேன்.

இதைக் கேட்க உனக்கும் கொஞ்சம் எரிய வேண்டும். எரிகிறதா? நல்லது. ஆனால் பயப்படாதே, அவளை எனக்குப் பின்னால்தான் நிறுத்தினேன். கதை முழுவதையும் கழுத்தைத் திருப்பித் திருப்பித்தான் சொன்னேன், இன்னும் பிடரி நோகிறது. பக்கத்தில் நிற்க விடவில்லை.