சத்தமில்லாமல் அறுத்த மரங்கள்

மச்சான்,

உன் கருமாதி முடிந்த மறுநாள் உன் மகன் ஒரு கோணிப்பை மூட்டையைக் கொண்டுவந்து வைத்தான். "அப்பா உங்களாண்ட குடுக்கச் சொல்லிச்சு மாமா," என்றான். பிரித்தால் உன் ரம்பம். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிற அதே நீள ரம்பம். துரு வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. செத்தும் என்னை விடவில்லையே நீ!

உன் சாவு ஊர்வலத்தில் ஒரு வெடிகூடப் போடவில்லை. பறவைக்காகப் பட்டாசையே தொடாத மனுஷன் என்று ஆளாளுக்கு உருகினார்கள். உன் தங்கையைக் கட்டியவன் என்பதால் நான் வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

நீ தொட்டதில்லைதான். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்ட இறங்கிவிட்டால், நம் ஊரில் தீபாவளிக்குக்கூட வெடி கிடையாது. எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் நெல்லுக்கு வேறு உரம் வேண்டாம். அதற்காக நம் பெரியவர்கள் வைத்த கட்டுப்பாடு. ஒரே ஒரு ஓலைவெடி கொளுத்தினான் என்று உன் மகனையே நடுத்தெருவில் காதைத் திருகி நிறுத்தினாய். "வாயில்லா ஜீவன்டா அது!" என்று கத்தினாய்.

அந்த வாயில்லா ஜீவனுக்கு நீ என்ன செய்தாய் என்று சொல்லட்டுமா?

எண்பதுகளின் தொடக்கம் அது. ஏரி மரங்களை ஏலம் எடுத்திருந்தாய். பங்குனி முடிவதற்குள் வெட்டி வாலாஜாபாத் பக்கம் செங்கல் சூளைக்கு ஏற்றியாக வேண்டும். கூடுகளில் குஞ்சுகளுக்கு இறக்கை முற்றவில்லை. இன்னும் இருபது நாள் பொறு, பறந்துவிடும் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன்.

"இன்னா மச்சான் பேஜார் பண்ற? கெடு முடிஞ்சா மரம் நம்முது இல்ல. கோடாலி போட்டாத்தான பறவ மெரளும்? ரம்பம் போட்டா அதுபாட்டுக்குக் கூட்லயே குந்திக்கினு இருக்கும். சத்தம் கூடாதுன்றதுதான நம்ம கட்டுப்பாடு?"

ஊரும் அதற்குத் தலையாட்டியது. கோடாலி எடுக்காத உன் பெரிய மனதை மெச்சவும் செய்தது. வெட்கங்கெட்ட ஊர். நான் மட்டும் என்ன யோக்கியன்? ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்தவன் நான்தானே.

முழங்கால் தண்ணீரில் நின்று இழுத்தோம். நீ சொன்னபடியே நாரைகள் மிரளவில்லை. மரம் சாய்கிற வரைக்கும் குஞ்சுகளோடு உட்கார்ந்திருந்தன. சாய்ந்த பிறகுதான் எழும்பி, தலைக்குமேல் சுற்றிச் சுற்றி வந்தன. தண்ணீரில் விழுந்த ஒரு குஞ்சை அள்ளினேன். பயத்தில் அது தின்றிருந்த நத்தையை என் உள்ளங்கையில் கக்கிவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டது. நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இழு மச்சான்," என்றாய். இழுத்தேன்.

அடுத்த ஐப்பசியில் நாரைகள் வந்தன. ஏரியை இரண்டு வட்டம் அடித்துவிட்டுப் போயின. அதோடு சரி. ஆனால் வெடி கூடாது என்ற கட்டுப்பாட்டை மட்டும் நீ விடவேயில்லை. வெறும் ஏரிக்குக் காவல்! பறவைகளைக் காத்தவர் என்று உனக்குப் பொன்னாடை வேறு போர்த்தினார்கள். கூச்சமில்லாமல் குனிந்து வாங்கிக்கொண்டாய். முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன் நான்.

இன்று காலை உத்திரமேரூர் போய் ஒரு சரவெடி வாங்கிவந்தேன். ஏரிக்கரையில் வைத்துக் கொளுத்தினேன். உன் மகன் அலறிக்கொண்டு ஓடிவந்தான்.

"இன்னா மாமா பண்றீங்க? பறவ மெரண்டுடும்!"

"எங்கடா கீது பறவ? காட்டு, பாக்கலாம்."

அவன் ஏரியைப் பார்த்தான். சரம் கடைசி வரை வெடித்து ஓய்ந்தது. ஒரு கொக்குகூட எழும்பவில்லை. அவன் என்னைப் பார்க்காமல் திரும்பி நடந்தான்.

உன் ரம்பம் என் வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கிறது. மறுபக்கம் பிடிக்க நீ இல்லை. இனி இரண்டு பிடியும் எனக்குத்தான்.