லைனில் பிரச்சினை

நவம்பர் 10, திங்கள்

மழை. துணி எதுவும் காயவில்லை. சிறுநீர் போகும்போது இன்னும் எரிச்சல், போன வாரத்தைவிட மோசம். ஃபோன் ஆப்பில் ஒரு டாக்டரம்மா. மயிலாப்பூர் பறக்கும் ரயில் நிலைய மாடியில், ஆளில்லாத மூலையாகப் பார்த்து நின்று பேசினேன். விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, “கல்யாணம் ஆயிடுச்சாம்மா?” இல்லை என்றேன். “அப்ப அம்மாவக் கூட்டிக்கிட்டு நேர்ல போய்க் காட்டு.” கட்.

அம்மாவிடம் சொல்ல முடிந்தால் உன்னை எதற்குக் கூப்பிடப் போகிறேன்?

வாங்க: உளுந்து, ஷாம்பூ. குடை ரிப்பேர்.

நவ. 11, செவ்வாய்

தெருவெல்லாம் தண்ணீர், ஸ்டேஷனுக்குப் போக வழியில்லை. ‘வீட்டிலிருந்தே, ரகசியமாக’ என்று விளம்பரம் போடுகிறவன் எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும். ஒரு ஹால், ஒரு சமையலறை. தாழ்ப்பாள் பாத்ரூமுக்கு மட்டும்தான், அங்கே சிக்னல் கிடையாது.

வேறு டாக்டர், இவரும் பெண். எதிரே அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பிராட்பேண்ட் கம்பெனிக்காக நாள் முழுக்கப் பேசும் அதே கஸ்டமர் கேர் குரலில் ஆரம்பித்தேன். “சார், ஒரு வாரமா லைன்ல பிரச்சினை சார்.”

டாக்டர் கேட்டார், “பக்கத்துல யாராவது இருக்காங்களா? ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க, போதும்.”

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எரிச்சலா? ஆமா சார். உறவு இருக்கா? ஆமா சார். ஆணுறை? இல்ல சார். ஒரு வார்த்தை திட்டவில்லை. நாளை டெஸ்ட்.

நவ. 14, வெள்ளி

தொற்றுதான். மாத்திரை ஆரம்பித்தாயிற்று. என் ஆள் ஹரியும் டாக்டரிடம் பேசி மருந்து எடுக்க வேண்டுமாம், இல்லையென்றால் எனக்குத் திரும்ப வருமாம்.

ஹரிக்கு வேளச்சேரியில் தனி ரூம். கதவு, தாழ்ப்பாள், வைஃபை, சகலமும். துரை வாட்ஸ்அப்பில் சொல்கிறார்: “வீடியோல மூஞ்சியக் காட்டிக்கினு இதெல்லாம் பேச முடியாதுடி. அசிங்கம். உன் பேர்லயே எனக்கும் சேத்து வாங்கிடு.”

எனக்கு அசிங்கமில்லையாம். ஒரு வாரம் எரிந்தது எனக்கு, அம்மா முன்னால் நாடகம் ஆடியது நான், மானம் மட்டும் அவனுக்கு!

“நீயே பேசு. பேசிட்டு எனக்கு ஃபோன் பண்ணு.”

“ஓவரா சீன் போடாத.”

வந்த கோபத்தில் அடுப்பைக் கவனிக்கவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, அதற்கும் அம்மாவிடம் திட்டு.

நவ. 16, ஞாயிறு

வெயில், அப்பாடா. போர்வை துவைத்தேன். எரிச்சல் பாதி குறைந்திருக்கிறது.

சாப்பிடும்போது ஹரியின் ஃபோன். எதிரே அம்மா. எடுத்தேன்.

“சார், நாங்க சொன்னத செஞ்சீங்களா?”

“இன்னும் அதையே புடிச்சிக்கினு கீறியா? மாத்திர வாங்குனியா, இல்லியா?”

“சாரி சார். உங்க கனெக்‌ஷன கட் பண்ணிட்டோம்.”

வைத்துவிட்டேன்.

“ஞாயித்துக்கெழமகூடவா உயிர எடுக்கறானுங்க?” என்றாள் அம்மா. “யாருடி, கஸ்டமரா?”

“பழைய கஸ்டமர்மா. ரசம் ஊத்து.”