கட்டைவிரல் பட்ட பக்கங்கள்

ஜனவரி 12, திங்கள்

முதலில் கையெழுத்துக்கு மன்னிப்பு. தண்டவாளம் மாதிரி நேராகப் போகவேண்டும் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு வரியையும் தொடங்குகிறேன். பாதி வழியில் இறங்கிவிடுகிறது. ஒரு ‘ண’ எழுதி முடிப்பதற்குள் ஒரு லோக்கல் வண்டியே போய்விடும். இருந்தாலும் இது நான் எழுதுவது. உத்தமன் என்ற பேருள்ள நான், எழுபது வயதில், என் கையால்.

இன்று என்னை உள்ளே வைத்து அடைத்துவிட்டார்கள்.

பூட்டு கிடையாது. கனமான கதவு, உள்ளே ஈயத் தகடு வைத்ததாம். கழுத்தில் தைராய்டை அறுத்து எடுத்தது அக்டோபரில். மிச்சம் மீதி ஒட்டியிருக்கும் கெட்டதைக் கொல்ல இன்று ஒரு மாத்திரை. கதிர்வீச்சு உள்ள அயோடின். ஈயக் குடுவைக்குள் ராஜா மாதிரி வந்தது. டாக்டர் தள்ளி நின்றுகொண்டு, விழுங்கு என்று சைகை காட்டினார். விழுங்கினேன். அப்புறம் அறையில் யாரும் இல்லை. நான் மட்டும்.

இனி சில நாள் என் உடம்பிலிருந்தே கதிர் வரும். வேர்வை, எச்சில், சிறுநீர் எல்லாவற்றிலும் மருந்து இறங்கும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். எலுமிச்சை மிட்டாய் சப்ப வேண்டும். கழிப்பறையில் இரண்டு தடவை தண்ணீர் விடவேண்டும்.

உடம்பில் கதிர் எவ்வளவு என்று அளக்க வருகிற பெண்ணுக்கு மீட்டர் திதி என்று நானே பெயர் வைத்துவிட்டேன். திதி என்றால் இங்கே அக்கா. வங்காளி. என்னை ‘தாதூ’ என்கிறாள், அவர்கள் பாஷையில் தாத்தா. (அவள் பேசுவதைத் தமிழில்தான் எழுதுகிறேன். வங்காள எழுத்துக்கு இன்னொரு ஆயுசு வேண்டும்.) தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் அவளும் கருவியும், இந்தப் பக்கம் நான். எண் 186. அது ஐம்பதுக்குக் கீழே வந்தால்தான் வீடு.

இந்த நோட்டைப் பார்த்துவிட்டு, “தாதூ, உள்ள வந்த சாமான் எல்லாம் திரும்ப வெளிய போகும்னு சொல்ல முடியாது. கட்டாயம் வேணுமா?” என்றாள்.

“வேணும்.”

“அப்ப கையுறை போட்டுக்கிட்டு எழுதுங்க.”

ஜனவரி 13, செவ்வாய்

கையுறை சரிப்படவில்லை. பேனா வழுக்குகிறது. பக்கம் புரட்ட வரவில்லை. கழற்றி வைத்துவிட்டேன்.

பக்கம் புரட்டுவது எனக்குப் பெரிய சந்தோஷம். இங்கே வங்காளத்தில், சாந்த்ராகாச்சி ரயில்வேயில் நான் தண்டவாளம் பார்க்கும் கேங்மேனாக இருந்தபோது சம்பள ஆபீசில் வீரராகவன் சார் என்று ஒருவர். இடது கட்டைவிரலை நாக்கில் தொட்டு, சரக்கென்று ஒரு தாளைப் புரட்டுவார். அந்த சரக்கில்தான் படித்தவருடைய மிடுக்கே இருக்கிறது என்று தோன்றும். அதே இடது கட்டைவிரலை மசியில் அமுக்கி நான் சம்பளம் வாங்குவேன். கடைசிச் சம்பளம் வரை கைநாட்டுதான். இப்போது வலது கையில் பேனா, இடது கட்டைவிரல் நாக்கில், சரக். நாகம்மா இருந்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பாள். அவள் போய் ஆறு வருஷம்.

எழுத்துச் சொல்லிக் கொடுத்தது மருமகள் தேவிப்ரியா. ஜோலார்பேட்டைப் பெண், பி.ஏ. என் மகன் முத்துகிருஷ்ணன் ரயில்வே யார்டுக்குக் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனபின் எனக்குப் பாடம். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து இப்போது அவளுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, என் நோட்டை வயிற்றின்மேல் வைத்துச் சிவப்புப் பேனாவால் திருத்துவாள். “நல்ல மேசை கிடைச்சிருக்கு மாமா. ஏப்ரல் வரைக்கும் வாடகை இல்ல” என்பாள்.

எண் 97. பாதியாகிவிட்டது! பள்ளிக்கூடத்தில் எண் குறைந்தால் அடிப்பார்களாம். இங்கே கைதட்டுகிறார்கள்.

மாலை

முத்து போன் செய்தான். குரலைத் தாழ்த்தி, “அப்பா, நம்ம வீட்ல தனி ரூம், தனி பாத்ரூம் இருக்குன்னு ஆஸ்பத்திரில சொல்லியிருக்கேன். உங்கள கேட்டாங்கன்னா அதையே சொல்லுங்க.”

“ஏண்டா?”

“இல்லன்னா மாத்திரையே குடுத்திருக்க மாட்டாங்க. எத்தன மாசம் தள்ளிப் போட்டிருப்பாங்களோ. தேவிகிட்ட ஒண்ணும் சொல்லல. சும்மா பயப்படுவா.”

எங்கள் வீடு ஓர் அறை. நடுவில் திரைச்சீலை. அந்தப் பக்கம் அவர்கள் கட்டில், இந்தப் பக்கம் என் பாய். குளியலறை மூன்று குடித்தனத்துக்கும் பொது.

அவன் மேல் கோபம் வரவில்லை. பிழைக்க வைக்கத்தான் சொன்னான்.

ஜனவரி 14, புதன்

போகி. ஜன்னல் திறக்காது, கண்ணாடி மட்டும். கீழே ஒருவன் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு மீன் கூடையை இறக்குகிறான். மூன்று நாளாக மனித வாசனையே இல்லை. சாப்பாடு கதவடியில் வைக்கப்படுகிறது. நான் எடுத்துக்கொண்டபின் காலடிச் சத்தம் ஓடுகிறது. யாராவது தோளில் ஒரு தட்டு தட்டினால் போதும் என்றிருக்கிறது. ச்சே, குழந்தை மாதிரி.

காலையில் எண் 61. மாலையில் 48. ஐம்பதுக்குக் கீழே!

“நாளைக்குக் காலைல இன்னொரு தடவ பாத்துட்டு விட்டுடுவோம் தாதூ” என்றாள் மீட்டர் திதி. பிறகு காகிதத்தைப் பார்த்துக் கேட்டாள். “தனி ரூம் இருக்குல்ல?”

“இருக்கு.”

“சின்னக் குழந்தைங்க, பிள்ளைத்தாச்சி யாராவது?”

“வீட்ல எல்லாம் பெரியவங்கதான்.”

பொய் இல்லையே? தேவிக்கு முப்பத்தோரு வயது.

அவள் எழுதிக்கொண்டாள். வீட்டில் மற்றவர்களிடம் இரண்டு மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும், தட்டு டம்ளர் தனி, துணி தனி, மூன்று வாரத்துக்குக் குழந்தைகளைத் தூக்கக் கூடாது என்று ஒப்பித்தாள். நான் தலையாட்டினேன். கோயில் மாடு மாதிரி ஆட்டினேன்.

அவள் போனபின் மஞ்சள் கோட்டிலிருந்து கட்டில்வரை காலால் அளந்தேன். இரண்டு மீட்டர் இவ்வளவு தூரமா? எங்கள் வீட்டில் இரண்டு மீட்டர் தள்ளிப் படுத்தால் அடுத்த வீட்டுக்காரன் அறையில்தான் படுக்க வேண்டும். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் என் தலை. அந்தப் பக்கம் அவள்.

நாளைக்குப் பொங்கல். போய்விடவேண்டும். போய்விட்டால் பார்த்துக்கொள்ளலாம். வாசலில் படுத்துக்கொள்வேன். இந்தக் குளிரிலா? முத்து விடுவானா? தேவி காரணம் கேட்காமல் இருப்பாளா?

இரவு ஏழு மணிக்கு அவளே பேசினாள். “பால் பொங்கறப்போ நீங்க இங்க இருக்கணும் மாமா. நோட்ட மறக்காம கொண்டாங்க, எத்தன தப்புன்னு பாக்கணும்.”

சரிம்மா என்றேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். நான் வீட்டுக்குப் போகவில்லை. மெதுவாக எழுதுகிறேன்.

காலையில் எண் 37. “பாஸ், தாதூ!” என்றாள். குளித்தேன். முத்து அனுப்பிய புது வேட்டியைக் கட்டினேன். சாமான்களை மேசையில் வைக்கச் சொன்னாள். வேறொரு சின்னக் கருவி, பொருள் மேல் காட்டினால் டிக் டிக் என்கிறது. பிளாஸ்டிக் சுற்றிய போன், ஒன்றுமில்லை. கண்ணாடிக் கூடு, இரண்டு மூன்று டிக். நோட்டின் அட்டை, கொஞ்சம். கையுறை விரலால் நோட்டைத் திறந்தாள்.

பக்கத்தின் கீழ்மூலைக்குக் கருவி போனதும் தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோல் சத்தம். அடுத்த பக்கம். அதே மூலை. அதே மழை.

என்னைப் பார்த்தாள். “நாக்குல தொட்டுத் திருப்பினீங்களா?”

கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

“எச்சில்லதான் தாதூ மருந்து நிறைய வரும். அதுக்குத்தான கையுறை குடுத்தேன்!”

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஆயுசு முழுக்க வைத்த கைநாட்டு போதாதென்று, எழுதப் படித்த பிறகும் பக்கத்துக்குப் பக்கம் கைநாட்டு. இந்த மசி கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. இந்த நோட்டு இங்கிருந்து நேரே எங்கே போயிருக்கும்? தேவியின் கைக்கு. கட்டிலில் காலை நீட்டுவாள். மேசைமேல் வைப்பாள். அந்த மேசைக்குள்ளே —

நோட்டையாவது இவள் பிடித்துவிட்டாள். என் டம்ளரை யார் பிடிப்பார்கள்? என் துண்டை? ராத்திரி முழுக்கத் திரைச்சீலைக்குப் பக்கத்தில் கிடக்கப்போகிற என்னை?

“தனி ரூம் எல்லாம் கிடையாதும்மா” என்றேன். தமிழில் சொல்லிவிட்டேன். அவளுக்குப் புரியவில்லை. பதற்றத்தில் வங்காளம் வாயில் வரவில்லை. பிறகு வந்தது. ஒரே அறை. திரைச்சீலை. மருமகளுக்கு ஏழாம் மாதம்.

கருவியை அணைத்தாள். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன்.

“நேத்து ஏன் தாதூ சொல்லல?”

“பொங்கலுக்குப் போகணும்னு இருந்தது.”

“வயித்துல இருக்கற குழந்தைக்கும் இப்ப தைராய்டு வந்திருக்கும். இந்த மருந்து உள்ள போச்சுன்னா அதத்தான் தேடிப் போகும். உங்களுக்கு அது மருந்து. அதுக்கு எதுக்கு?”

எதுக்கு? நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த நோயாளிக்கு இந்த அறை திங்கட்கிழமைதான் வேண்டுமாம். ஞாயிறு வரை இருங்கள், அதற்குள் வேறு இடம் பாருங்கள் என்றாள். புது வேட்டியை அவிழ்த்து மடித்தேன். ஆஸ்பத்திரிச் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டேன். கதவு சாத்திய சத்தம் முதல் நாளைவிடக் கனமாகக் கேட்டது. அன்றைக்கு அவர்கள் அடைத்தார்கள். இன்றைக்கு நானே அடைத்துக்கொண்டேன்.

முத்து போனில் கத்தினான். “சும்மா இருந்திருந்தா வந்திருக்கலாமில்ல? இப்ப எங்கப்பா போவீங்க?” நடுவில் போன் கைமாறியது. தேவி.

“மாமா. எல்லாம் கேட்டுட்டேன்.”

“கோச்சுக்காதம்மா.”

“கோவம் உங்க மேல இல்ல. என்னை மண்ணாங்கட்டின்னு நெனச்சு மறைச்சாரே, அவருக்குத்தான் இருக்கு.” மூக்கை உறிஞ்சினாள். “பாலு பொங்கிடுச்சு. போன அடுப்புப் பக்கம் வைக்கறேன், கேளுங்க.”

கேட்டேன். புஸ்ஸென்று ஒரு சத்தம். முத்து “பொங்கலோ பொங்கல்” என்றான், இன்னும் கோபமான குரலில்.

ஜனவரி 16, வெள்ளி

எண் 29. எழுத மனம் இல்லை.

ஜனவரி 17, சனி

நோட்டை எப்படியும் வெளியே விடமாட்டார்கள். அப்புறம் எதற்கு எழுதுகிறேன்? தெரியவில்லை. எழுத வந்துவிட்டதே, அதற்காகத்தான். கையுறை போட்டு எழுதுகிறேன். ‘ண’ இப்போது கையுறைக்குள்ளும் வருகிறது.

இடம் கிடைத்தது. யார்டுக்குப் பின்னால் பழைய யூனியன் ஆபீஸ். காவல் காப்பது என் கூட்டாளி பன்னீர்செல்வம். போனில் எல்லாவற்றையும் சொன்னேன், கதிரையும் சேர்த்து.

“இருட்டுல வெளிச்சம் வருமாடா ஒங்கிட்டருந்து?”

“வராது.”

“அப்ப என்னத்துக்குப் பிரயோஜனம்? பல்பு நான் போட்டுக்கறேன், நீ வா. உள்ரூம் ஒனக்கு, வாசல் எனக்கு.”

ஒரு சிறையிலிருந்து இன்னொரு சிறை. ஆனால் அங்கே ஜன்னல் திறக்கும். வண்டிச் சத்தம் கேட்கும்.

ஜனவரி 18, ஞாயிறு

இன்று வெளியேறுகிறேன். எண் 19. நோட்டு வரவில்லை.

மீட்டர் திதி ஒரு மஞ்சள் பை கொண்டு வந்திருக்கிறாள். நோட்டைப் போட்டுக் கட்டி ஈய அலமாரியில் வைப்பாளாம். இந்த மருந்து எட்டு நாளுக்கு ஒரு தடவை பாதியாகும். அந்தப் பாதி மறுபடி பாதியாகும். மூன்று மாதம் கழித்து அளந்து, சுவரும் நோட்டும் ஒரே மாதிரி டிக் சொன்னால் திருப்பித் தருவாள். சொல்லாவிட்டால் குப்பை. “தூக்கிப் போடாதம்மா” என்றேன். “தாதூ பேர் எழுதி வைக்கறேன்” என்றாள். அட்டையில் பேரை நானே எழுதித் தந்தேன், பெரிதாக.

அவள் கோட்டுக்கு அந்தப் பக்கம் பையை விரித்துக்கொண்டு நிற்கிறாள். முடித்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 20, திங்கள்

இனி அளக்க வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்று மீட்டர் திதி பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டாள். அன்று வீட்டுக்கு வந்தபோது தேவி வாசலில் நின்று, “உள்ள வரலாமா வேணாமான்னு கேட்டுக்கிட்டே நிக்காதீங்க மாமா, தோசை ஆறுது” என்றாள். போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குப் போனபோது மீட்டர் திதி மஞ்சள் பையையும் தந்தாள். என் எதிரிலேயே அளந்தாள். முதலில் சுவர். பிறகு நோட்டின் கீழ்மூலை, ஒவ்வொரு பக்கமாக. மழை நின்றுவிட்டது. சுவரும் நானும் ஒன்று.

தேவி நேற்று முழுவதும் படித்தாள். மேசை போய்விட்டது, முழங்காலில் வைத்துத்தான் திருத்தினாள். எங்கும் சிவப்பு. பொங்கல் அன்றைக்கு எழுதிய பக்கத்தை மட்டும் தொடவில்லை. அதில் தப்பே இல்லையா என்று கேட்டேன். “இருக்கு, இருக்கட்டும்” என்றாள். முத்துவும் எட்டிப் பார்த்தான். தன் பேர் வந்த இடத்தைப் படித்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனான்.

பெண் குழந்தை. பிறந்து பன்னிரண்டு நாள். பேர் இன்னும் வைக்கவில்லை. இப்போது என் மடியில் தூங்குகிறாள். தேவி குளிக்கப் போயிருக்கிறாள்.

இன்னும் நிறைய எழுத இருக்கிறது. பக்கம் தீர்ந்துவிட்டது, புரட்ட வேண்டும். இடது கட்டைவிரலை அவள் இறுக்கிப் பிடித்திருக்கிறாள், விடமாட்டேன் என்கிறாள். மிச்சத்தை அடுத்த வாரம் எழுதுகிறேன்.