வெட்டின கையோடு ஒரு செபம்

சிறை
12 மே 2024

அன்புத் தங்கச்சி சுஜானிக்கு,

சுகமாக இருக்கிறாயா? நீ எழுதி நாளாகிறது. என்மேல் கோபமோ தெரியாது. இதை விடுதலையாகிப் போகிற ஒருவன் உன்னிடம் கொண்டுவருவான்.

ஐங்கரன் வெளியில் வந்துவிட்டான். எங்கள் தம்பி சிரிலைத் தெருவில் போட்டு வாளால் வெட்டிக் கொன்றவன், பாரிஸ் லா சப்பலில் மத்தியானச் சோறு தின்கிறானாம். அவன் கூட்டாளியை வெட்டிய நான் இன்னும் உள்ளே கிடக்கிறேன். அவன் எங்கே இருக்கிறான் என்று மட்டும் பார்த்து எழுது. ஒக்டோபரில் விடுதலையாகி வந்ததும் மிச்சத்தை நான் பார்க்கிறேன்.

உன் அண்ணா,
யூலியன்

சார்செல்
9 யூன் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

அவன் இருக்கும் இடத்தை அறிந்தேன், உங்களுக்கு எழுதவில்லை. நானே போனேன். பேக்கரியில் பாண் வெட்டும் கத்தியைப் பையில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக் கடையிலிருந்து வந்த ஐங்கரனின் பின்னால் நடந்தேன். கழுத்துக்குத்தான் ஓங்கினேன். அவன் திரும்ப, தோளிலிருந்து முழங்கை வரை கிழிந்தது. இரத்தம் என் வாயில் தெறித்தது. தம்பியின் பெயரைக் கத்திக்கொண்டே ஓடிவிட்டேன். அவன் பொலிஸில் என் பெயரைச் சொல்லவில்லை.

பேக்கரியில் என்னோடு ஷார்லோத் என்று ஒருத்தி வேலை செய்கிறாள். யூதப் பெண், என் வயது. கடை திறக்க முதல் மூலையில் நின்று உதடு மட்டும் அசையச் செபிப்பாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி, எனக்காகவும் செபி என்றேன். அவள் சொன்னாள்: "எங்கள் எபிரேய மொழியில் செபிப்பது என்றால் தன்னைத்தானே தீர்ப்பிடுவது என்பார்கள். அதை உனக்காக நான் செய்ய முடியாது. உன் மொழியிலேயே வாய்விட்டுச் சொல், இனி என்ன செய்வது என்று கேள். ஆனால் வெட்டுப்பட்டவனிடம் போகாமல் கடவுளிடம் மன்னிப்புக் கேட்காதே."

அடுப்புக்கு முன்னால் நின்று கேட்டேன். "ஆண்டவரே, எனக்கு அவனைக் கொல்லத்தான் ஆசை. இந்த ஆசையோடை நான் என்ன செய்ய?" பிறகு, அவள் சொன்னபடியே ஒபர்வில்லியேக்கு, அவன் வீட்டுக்குப் போனேன்.

"நான்தான் வெட்டினனான்," என்றேன்.

"தெரியும்," என்றான். நல்ல கையால் முகத்தில் அறைந்தான். விழுந்த என்னைக் காலால் உதைத்தான். முன்பல் உடைந்தது. ஷார்லோத்தின் செபத்தில் ஒரு வரி உண்டு: என்னைச் சபிப்போர் முன் என் உள்ளம் மௌனமாயிருக்கட்டும். அதையே பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். "அண்டைக்கு உன்ரை தம்பி, அக்கா, அக்கா எண்டுதான் கத்தினவன். அதாலைதான் பொலிஸிலை சொல்லேல்லை. போ!"

மன்னித்தேன் என்று அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நாளைக்குப் பொலிஸுக்குப் போகிறேன். ஷார்லோத்தும் வருகிறாள். அண்ணா, என் பல்லுக்காக அவனைத் தொடாதேங்கோ. தொட்டால் நான் உங்களுக்குத் தங்கச்சி இல்லை.

சுஜானி

சிறை
30 யூன் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன்னையும் உள்ளே போட்டுவிட்டார்கள் என்று அறிந்தேன். உன் கடிதம் கிடைத்த அன்று சுவரில் குத்தி விரலை உடைத்துக்கொண்டேன். எழுத்துக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். உன்னை அவன் பின்னால் அனுப்பியவன் நான்.

நானும் வாய்விட்டுச் செபித்துப் பார்த்தேன். "அவனைக் கொல்லவேணும்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. தினமும் அதைத்தான் சொன்னேன். நேற்றுச் சொல்லும்போது அவன் முகம் வரவில்லை. நிலத்தில் கிடக்கிற உன் முகம் வந்தது. அரைவாசியில் நிறுத்திவிட்டேன்.

ஒக்டோபரில் லா சப்பலில் இறங்கமாட்டேன். நேரே உன்னைப் பார்க்க வருவேன். வர விடுவாயா?

உன் அண்ணா,
யூலியன்