வெள்ளைத் துணிப் படையின் முடிவு

ரப்பர் விலை விழுந்து, கெடாவில் பாலிங் ஊரில் மலாய்க்காரச் சிறுதோட்டக்காரர்கள் பசிக்கிறது என்று ஊர்வலம் போன வருஷம் அது. நேற்று உன் சவப்பெட்டிக்குள் விரித்திருந்த வெள்ளைத் துணியின் கஞ்சி வாடை மூக்கில் ஏறியதும் அந்த வருஷம்தான் எழுந்து வந்தது. எனக்கு எழுத வராது. நான் சொல்ல, பேத்தி எழுதுகிறாள். அன்று தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதிய உன்னைக் கிராணி ஐயா என்றேன். இனி வெறும் 'நீ'தான்.

நம் தோட்டத்து மேனேஜர் அதே கூலிக்கு இன்னும் அதிக ரப்பர் மரத்தில் பால் வெட்டச் சொன்னான். உனக்கும் அவன்மேல் கடுப்பு, பெரிய கிராணி வேலையைத் தரவில்லை என்று. கள்ளுக்கடைக்குப் பின்னால் தடித்த இங்கிலீஷ் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாய். ரோமாபுரிக்காரனை எதிர்த்து நின்ற சாம்நைட் என்ற மலைநாட்டு வீரர்களைப் பற்றிச் சொன்னாய். அவர்கள் கேடயம் மேலே அகலம், நெஞ்சும் தோளும் மறைய. கீழே குறுகல், தூக்கிக்கொண்டு ஓட. மார்பில் மூன்று வட்டத் தகடு. ஆள் உயரமாகத் தெரியத் தலைக்கவசத்தில் இறகு. காலில் மட்டும் ஒன்றுக்குத்தான் காப்பு, இடது காலுக்கு.

"என்னா கிராணியாரே, மத்த கால வீட்டுல வச்சிட்டா சண்டைக்குப் போவான்?" என்றான் என் கூட்டாளி மாரிமுத்து.

"கேடயத்தோட நிக்கிறப்ப இடது காலுதான்டா முன்னால இருக்கும், மக்கு!"

சிரித்தோம். அப்புறம் நீ குரலைத் தணித்தாய். "படைக்கு ஆள் சேக்கிறப்ப தலைவன் கொஞ்சம் பேர எடுப்பான். அவனவன் தான் நம்புற ஒருத்தன எடுக்கணும். அவன் இன்னொருத்தன. வெள்ளைத் துணி மறைப்புக்குள்ள சத்தியம் பண்ணிட்டா, செத்தாலும் ஓடக்கூடாது."

அடுத்த ஞாயிறே, நாமும் மேனேஜரை எதிர்த்து நிற்க, கஞ்சி வாடை போகாத புதுக் காடாத் துணியைக் கட்டி மறைத்தாய். நீ மாரிமுத்துவை எடுத்தாய். அவன் என்னை எடுத்தான். நான் எனக்குப் பக்கத்து நிரையில் பால் வெட்டியவளை எடுத்தேன்.

"பொம்பளையாடா?" என்றாய்.

"உங்களவிட நல்லாவே நிப்பேன்லா ஐயா" என்றாள்.

பலகையைச் சீவிக் கேடயம் செய்தோம். பழைய டயரை வெட்டி இடது காலில் கட்டினோம். வேலைக்குப் போகாமல் கேட்டை மறித்து நின்றபோது மேனேஜரின் அடியாட்கள் லாரியில் வந்து குதித்தார்கள். பலகை முதல் அடியிலேயே பிளந்தது. அவள் ஓடவில்லை. இரும்புக் குழாயால் அவளுடைய வலது காலை உடைத்தார்கள். நீ ஆபீஸ் வராந்தாவில், மேனேஜருக்குப் பக்கத்தில் நின்றாய். எங்களைத் தோட்டத்தை விட்டே விரட்டினார்கள். நீ பெரிய கிராணி ஆனாய்.

பிறகு மாதாகோயிலில் ஃபாதரிடம் அந்தக் கதையைச் சொன்னேன். "அந்தத் துணிப் படை ஒரே சண்டையில அழிஞ்சு போச்சேப்பா, தெரியாதா?" என்றார். நேரே உன் வீட்டுக்கு வந்தேன்.

"ஐயா, கதைய முடிவு வரைக்கும் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க நின்னிருப்பீங்களா?"

சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே கேட்டாய்.

நேற்று உன் மகன், "அப்பா எதாச்சும் தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்க மாமா" என்று கையைப் பிடித்தான். கையை உருவிக்கொண்டேன். மன்னிக்க நான் யார்? மாரிமுத்துவும் போய்விட்டான், மறைப்புக்குள் சத்தியம் செய்த மற்றவர்களும் போய்விட்டார்கள். கூலிம் டவுனில் மகள் வீட்டில் காலை இழுத்து இழுத்து நடக்கிறவளிடம் கேட்கட்டும். பெயரைக்கூட நீ கேட்டதில்லை. சவரியம்மாள்.