தோணிக்கு மட்டும் செபம்

5 நவம்பர் 1967, ஞாயிறு

ஆமாம், இந்த வார்டன் வேலையைக் கேட்டுத்தான் வாங்கினேன். யாரும் என் தலையில் கட்டவில்லை.

பகலில் கல்லூரியில் டியூட்டர். மற்ற நேரம் இந்தப் பெண்கள் விடுதியில் வார்டன். வார்டன் என்பதால்தான் அப்பா ஆழ்வார்திருநகரியிலிருந்து என்னைத் தனியாக அனுப்பச் சம்மதித்தார். இது போனால் தூத்துக்குடியும் போகும். பிறகு ஜாதகம், பெண் பார்த்தல்.

எனக்கு முன்னால் இருந்தவர் இசபெல்லா டீச்சர். வயதாகிவிட்டது என்று விடுதிக் கமிட்டி அவரை அனுப்பிவிட்டது. வழியனுப்பு விழாவில் செயலாளர் கிருபாநிதி பேசினார்: "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அக்கா மாதிரி ஒருத்தி வேணும். ஆச்சி மாதிரி இல்ல." எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். "அண்ணாச்சி, உங்களுக்கும் எனக்கும் ஒரே வயசுதான்" என்றார். இன்னும் சிரித்தார்கள். அண்ணாச்சி இன்னும் செயலாளர்.

என் அறைக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். அக்கா என்று கூப்பிடச் சொன்னேன். மிஸ் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பாதிப் பேர் டீச்சர் வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே என்ன இருக்கிறது? கேட்டால், "சும்மா மிஸ்."

சும்மா.

8 நவம்பர்

மழை. வகுப்பில் பேசியதைத் தவிர, இன்று யாரிடமும் ஒரு முழு வாக்கியம் பேசவில்லை.

13 நவம்பர்

மரியசெல்வி புகுமுக வகுப்பு மாணவி. கடலோர மணப்பாட்டுப் பெண். அவள் அப்பா பர்னபாஸ் ஒரு தோணியின் தண்டல். தோணியை நடத்திச் செல்பவர். கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப் போன தோணி திரும்பவில்லை. கூடப் போனவை எல்லாம் வந்துவிட்டன. துறைமுகத்தில் விசாரித்தேன். வழியில் அடித்த புயல் காற்றுக்குத் தப்பியிருக்காது என்றார்கள்.

அவளோ காலையில் தலை பின்னிக்கொண்டு வகுப்புக்குப் போகிறாள். சிரிக்கக்கூடச் செய்கிறாள். மற்றவர்களும் அவளைச் சுற்றி நடிக்கிறார்கள். அறைத் தோழி பிலோமியைக் கேட்டேன். "தோணி தாமசம் மிஸ். வந்துரும்."

வளர்ந்த பெண்ணை ஒரு பொய்க்குள் உட்கார்த்தி வைப்பதா? உண்மையைச் சொல்ல இங்கே யாருக்கும் தைரியம் இல்லை. நான் சொல்வேன்.

14 நவம்பர்

மாலையில் எல்லோரையும் ஹாலில் கூட்டினேன். பர்னபாஸ் பெயரைச் சொன்னேன். நம்மில் ஒருத்தியின் துயரத்தில் நாம் பங்குகொள்ள வேண்டும் என்றேன். மதம் குறுக்கே வரக்கூடாது என்று செபம் வைக்கவில்லை. இரண்டு நிமிஷ மௌனம். எழுந்து நிற்கச் சொன்னேன்.

யாரும் எழவில்லை.

மரியசெல்வி மட்டும் எழுந்தாள். "எங்கப்பாவ ஏன் மிஸ் கொல்லுதீங்க?" கத்தவில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டாள். வெளியே போய்விட்டாள்.

நான் நின்றுகொண்டிருந்தேன்.

15 நவம்பர்

அவள் சாப்பிடவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். பிலோமி வாசலை மறித்து நின்றாள். "நீங்க உள்ள வரவேண்டாம் மிஸ்."

ஏன் அப்படிப் பண்ணினேன்? யாரு கேட்டா என்னை? நல்லதுதானே நெனச்சேன் — நெனச்சா போதுமா?

கிருபாநிதி வந்தார். கோபிக்கவில்லை. "மனசுல வச்சிக்காதீங்க. நல்லாப் பேசினீங்கன்னு கேள்விப்பட்டேன். அவள நாளைக்கே மணப்பாட்டுக்கு பஸ் ஏத்திருவோம். அவங்கம்மா பாத்துக்கிடுவா." எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி அருவருப்பாகவும் இருந்தது. டீச்சர் வீட்டுக்குப் போனேன்.

புழக்கடையில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். "ஐயங்கார் வீட்டுப் பிள்ளை, காத்துக்கு எதிர்ப்பக்கம் உக்காருங்க." எல்லாம் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

"தோணி வரலைன்னா தோணிக்குத்தான் செபம் சொல்லுவோம். ஆளுக்குக் கெடையாது. தோணி மொதலாளியும் பங்குச் சாமியாரும் சேந்து வீட்டுப் படி ஏறுத வரைக்கும் அவன் தாமசமா வாரான், அவ்வளவுதான்."

"அவர் உயிரோடு இல்லையென்றால்?"

"இருக்க மாட்டான்தான்." செதிலைத் தள்ளிக்கொண்டே சொன்னார். "அது தெரியாத ஆளு மணப்பாட்டுல உண்டா? அந்தப் பிள்ளைக்கும் தெரியும். தெரியுததும் தாங்குததும் ஒரே நாள்லயா நடக்கும்?"

நாளை ஊருக்கு அனுப்பப்போவதைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தார்.

"அனுப்பிராதீங்க. காலேஜ் நடக்கையில அவ வீட்டு வாசல்ல போயி நின்னா, அவங்கம்மா தாலியக் கழட்டிருவா. மக இங்கன படிச்சிக்கிட்டு இருக்கா, புருசன் வந்துக்கிட்டு இருக்கான் — அதுலதான் அங்கன அடுப்பு எரியுது."

அப்படியானால் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"யோசனை கேக்க எல்லாரும் வாராங்க. கிருபாநிதியே வந்தாரு, சமையக்காரி சண்டையத் தீக்க. காப்பியக் குடிச்சாரு, யோசனைய வாங்கினாரு, போயிட்டாரு. எம் புத்தி வேணும், நான் வேண்டாம்." கை கழுவினார். "இது சொல்லிக்குடுத்து நடக்கிற காரியம் இல்ல. அந்தப் பிள்ளை பக்கத்துல ஆள் இருக்கணும். நான் வந்தா எங்க உக்கார?"

எழுந்து வந்துவிட்டேன். வார்டன் நாற்காலி ஒன்றுதான். அதில் நான் இருக்கிறேன்.

16 நவம்பர்

காலையிலேயே கிருபாநிதி வீட்டுக்குப் போனேன். இசபெல்லா டீச்சரைத் திரும்ப வார்டனாக வையுங்கள், நான் விலகுகிறேன் என்றேன்.

"ஒரு சின்னத் தப்புக்கா? அவங்களால மாடிப்படி ஏற முடியாதும்மா."

"பிள்ளைகள் இறங்கி வருவார்கள்."

"கமிட்டி முடிவு பண்ணின விசயம்."

"பிள்ளைகள் அவர் வீட்டுக்குத்தான் போகிறார்கள் அண்ணாச்சி. கமிட்டி முடிவு அவர்களுக்கு எட்டவில்லை."

வெகுநேரம் மீசையைத் தடவினார். கிறிஸ்துமஸ் வரைக்கும், அதுவும் தற்காலிகமாக என்றார். என் ராஜினாமாவை எழுதி வாங்கிக்கொண்டார். மணப்பாட்டு பஸ் போய்விட்டது. அதில் மரியசெல்வி இல்லை.

மாலையில் டீச்சர் டிரங்குப் பெட்டியோடு வந்தார். ஒவ்வொரு படியிலும் நின்று மாடி ஏறி அவள் அறைக்குப் போனார். நான் வராண்டாவில் நின்றேன். ஆறுதல் சொல்வார் என்று காத்திருந்தேன். பேச்சே இல்லை. பிறகு டீச்சர் குரல்: "ஏளா, நாளைக்கு மொதப் பீரியடு என்னது?"

வெகுநேரம் கழித்து: "சரித்திரம்."

20 நவம்பர்

சமையலறையை ஒட்டிய அறைக்கு மாறிவிட்டேன். புகை. டீச்சர் என்னைப் போகச் சொல்லவில்லை. அப்பாவுக்கு எழுதிவிட்டேன்.

மாலையில் தோணிக்காகச் செபம் சொல்கிறார்கள். மரியசெல்வி குரல் தனியாகக் கேட்கிறது. கொஞ்சம் சாப்பிடுகிறாளாம். எனக்கு அந்தச் செபம் தெரியாது. தெரிந்தாலும் யார் கூப்பிடுவார்கள்?

27 நவம்பர்

இன்று அவள் சிரித்ததைக் கேட்டேன். இப்போது அது நடிப்பாகத் தெரியவில்லை. அன்றைக்கும் இல்லையோ?

2 டிசம்பர்

மன்னார்ப் பக்கம் தோணியின் பலகைகள் ஒதுங்கியிருக்கின்றன. நேற்று முதலாளியும் சாமியாரும் மணப்பாட்டு வீட்டுப் படி ஏறினார்கள்.

அழைத்துப்போக அவள் மாமா பாஸ்கல் வந்தார். வாசலில் அவரைக் கண்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. டீச்சர் தோளில் சாய்ந்து அழுதாள். ஹால் முழுக்க அழுதது. பிறகு தானே முகம் கழுவி, பை எடுத்து வைத்தாள். "அம்மாவுக்குத் துணைக்கு நான் இருக்கணும்" என்று மாமாவிடம் சொன்னாள்.

போகும்போது என் முன்னால் நின்றாள். "நீங்க சொன்னது சரிதான் மிஸ்."

அதில் பழி இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

3 டிசம்பர்

சரிதான். யாருக்கு என்ன பிரயோஜனம்?

10 டிசம்பர், ஞாயிறு

அப்பாவிடமிருந்து கடிதம். வார்டன் வேலை இல்லாமல் விடுதியில் எதற்கு, லீவுக்கு வந்தால் அப்படியே இருந்துவிடு என்கிறார். டீச்சரிடம் காட்டினேன். யோசனை கேட்கவில்லை. படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

"உங்கப்பாவ ஒரு நாள் இங்கன வரச் சொல்லு. பேசிப் பாப்போம். எங்களுக்குள்ள வயசு ஒத்துப்போகும்."

முதல் தடவையாக நீங்க போய் நீ வந்திருக்கிறது. அப்பா வருவாரா, தெரியாது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு டீச்சரைக் கமிட்டி என்ன செய்யும், அதுவும் தெரியாது.

மதியம் மரியசெல்வி ஊரிலிருந்து வந்தாள். இளைத்திருக்கிறாள். பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டும் என்று டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதுவரை எனக்குச் சாப்பாடு அறைக்கு வந்துவிடும். இன்று தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். மரியசெல்விக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. உட்கார்ந்தேன். ஒன்றும் பேசாமல் சாப்பிட்டேன்.