தளம் குடித்த தண்ணீர்

மதினி,

மாடித் தொட்டிக் குழாயை வீட்டுக்குள் இறக்க இன்று தளத்தில் துளை போட்டார்கள். சூடு தணிய ஊற்றிய தண்ணீர் சிமென்ட் பொடியில் பட்டு எழுந்த வாசனையில், நீங்கள் குடத்தோடு ஏணியில் ஏறி வருகிற மாதிரியே இருந்தது. கோவில்பட்டியிலிருந்து வந்த மிஷின்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "என்ன அண்ணாச்சி, தளமா பாறையா? எந்த மணலு போட்டீய?" என்றார். "சுத்தமான ஆத்து மணல்லா!" என்றேன். வாய் பழகிவிட்டது. யார் கேட்டாலும் இதைச் சொல்லித்தான் பீற்றிக்கொள்கிறேன்.

அந்த மணலின் லட்சணம் உங்களுக்குத் தெரியும். மாவு மாதிரிப் பொடி. தளம் போட்ட அன்றைக்கே கொத்தனார் அள்ளிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இது தண்ணியக் கூடுதலாக் குடிக்கும். தளத்தக் காயவிட்டீயன்னா கீறல் விட்டு, மழத்தண்ணி உள்ள போயி கம்பியத் தின்னுரும்."

நல்ல கோடை. கிணறெல்லாம் வற்றி, பசுவந்தனை ஊரே லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தது. நான் மில்லுக்குப் போய்விடுவேன். நீங்கள்தான் தளத்தில் பாத்தி கட்டி, ஆடுகளுக்குப் பிடித்து வைத்த தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினீர்கள். அண்ணன் போன பிறகு அந்த ஆடுகள்தானே உங்களுக்குச் சோறு போட்டன.

"ஆட்டுக்கு என்ன செய்வீய மதினி?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"வித்துட்டாப் போச்சு. ஆடு பெறகும் வாங்கலாம். தளம் வெடிச்சா ஒட்டவா முடியும்?"

எலும்பும் தோலுமாய் அவை வண்டியேறின. "வீடு முடியட்டும், நானே வாங்கித் தாரேன்" என்றேன். வீடு முடிந்தது. பிள்ளைகள் படிப்பு, கல்யாணம் என்று எனக்குச் சாக்கா கிடைக்காது? நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. காலிக் கொட்டகையில் விறகை அடுக்கிவிட்டு, அடுத்தவர் காட்டில் களையெடுக்கப் போனீர்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்தால் உட்காருமுன் அண்ணாந்து பார்ப்பீர்கள். "வீட்டப் பாத்துப் பொறாமப்படுதாவ" என்று என் பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறேன், பாவி. கண்ணை மூடுவதற்கு முன் கடைசியாக வந்தபோதுதான் கேட்டீர்கள்: "கீறல் ஒண்ணும் விடலைல்லா தம்பி?"

"இல்ல மதினி."

"அது போதும்."

அப்போதாவது ஆட்டைப் பற்றி வாய் திறந்திருக்கலாம். காப்பி குடிக்கச் சொன்னேன்.

மிஷின்காரர் கிளம்பும்போது கூப்பிட்டு, "மணல் இல்லய்யா, எங்க மதினி ஊத்துன தண்ணி" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார். அவருக்கு என்ன தெரியும்?

உங்கள் ஆடுகள் குடித்திருக்க வேண்டிய தண்ணீர் என் தலைக்கு மேலே இறுகிக் கிடக்கிறது. அதற்குக் கீழேதான் நான் காலை நீட்டி உறங்குகிறேன்.